ஒகேனக்கல் ஏற்றமும் மாடியறைச் சைக்கிளும்

ஒகேனக்கல் போய்வந்தவர்கள் அருவியையும் பரிசலையும் மீன் வறுவலையும் பற்றிப் பேசுவார்கள். சைக்கிளில் போய்வந்தவர்களோ திரும்பி வரும் சாலையைப் பற்றித்தான் பேசுவார்கள். தருமபுரியிலிருந்து பென்னாகரம் வரை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் மேடும் பள்ளமுமாக ஓடும் அந்தச் சாலை, அங்கிருந்து மேலும் 16 கிலோமீட்டர் சென்று, காட்டுக்குள் வளைந்து காவிரிக் கரைக்கு இறங்குகிறது. காலைக் குளிரில் மிதிக்க வேண்டிய தேவையே இல்லாமல், பிரேக்கைத் தொட்டுத் தொட்டு இறங்கியபோது கிடைத்த சுகத்தையெல்லாம், திரும்பும்போது அதே சாலை வட்டியோடு வசூலித்துவிடும்.

சென்ற ஆண்டு பங்குனியில் என்னிடமும் அப்படித்தான் வசூலித்தது. ஆற்றங்கரையில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஒன்பதரை மணிக்கு ஏறத் தொடங்கினேன். முதல் வளைவை எழுந்து நின்று மிதித்துப் பெருமையோடு கடந்தேன். இரண்டாம் வளைவில் இதயத் துடிப்பு காதுக்குள் கேட்டது. மூன்றாம் வளைவை எட்டுவதற்கு முன்பே இறங்கிச் சைக்கிளைத் தள்ளத் தொடங்கிவிட்டேன். சாலையோரக் கைப்பிடிச் சுவரின்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்த குரங்குகள், தள்ளிக்கொண்டு போகிறவளிடம் பறிப்பதற்கு என்ன இருக்கிறது என்று நிதானமாக ஆராய்ந்தன. ஏறுவதும் இறங்கித் தள்ளுவதுமாகப் பென்னாகரம் வந்து சேர 1 மணி 55 நிமிடம் ஆயிற்று.

பழக்கம் இல்லாததால் நேர்ந்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. வயது 44. மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் பள்ளிக்குச் சைக்கிளில்தான் போகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இண்டூர் வரைக்குமாவது போய் வருவேன். ஐந்து ஆண்டுகளாக இது நடக்கிறது. ஆனாலும் நான்கு முனைச் சந்திப்பில் நிற்கும்போது, “என்ன டீச்சர், ஸ்கூட்டி ரிப்பேருங்களா?” என்று யாராவது ஒருவர் அக்கறையோடு கேட்பது இன்றும் நின்றபாடில்லை. ஐந்து ஆண்டு மிதித்த கால்கள் ஏன் மூன்று வளைவுகளைத் தாண்டவில்லை என்ற கேள்வியோடுதான், ஆனி மாதத்தில் பள்ளி திறந்த கையோடு, நேதாஜி பைபாஸ் சாலைக்கு அருகில் ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் இயங்கும் ஜிம்மில், நின்ற இடத்திலேயே மிதிக்கும் உட்புறச் சைக்கிள் வகுப்புக்குப் பணம் கட்டினேன். ஆறு சைக்கிள்கள், செவ்வாய், வியாழன், சனி காலை ஐந்தரை மணி, 45 நிமிட வகுப்பு. ஒரு ஜவுளிக்கடைக்காரர், ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர் ஒருவர், செவிலியர் படிப்புப் படிக்கும் இரண்டு பெண்கள் ஆகியோர் உடன் இருந்தார்கள். சாலையில் சைக்கிள் ஓட்டுகிறவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் எடை குறைக்க வந்தவர்கள்.

வகுப்பை நடத்துகிறவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் அழைக்கிறோம். பாலக்கோட்டுப் பக்கத்து இளைஞர். பெங்களூரில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். முதல் நாள் அவர் சொன்ன முதல் எச்சரிக்கை, “டீச்சர், இதுல காலை சட்டுனு நிறுத்திடாதீங்க” என்பது. நான் ஓட்டிப் பழகிய எந்தச் சைக்கிளிலும் மிதிப்பதை நிறுத்தினால் கால் நின்றுவிடும்; சக்கரம் மட்டும் தன்பாட்டுக்கு ஓடும். இந்த வகைச் சைக்கிளில் மிதிக்கும் மிதிக்கட்டையும் முன்னால் இருக்கும் 15 முதல் 20 கிலோ வரை எடையுள்ள ஃபிளைவீல் என்னும் கனத்த சக்கரமும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை. சக்கரம் சுற்றும் வரை கால் சுற்றியே ஆக வேண்டும். எச்சரிக்கையைக் கேட்டும், பத்தாவது நிமிடத்தில் துண்டை எடுப்பதற்காகப் பழக்கதோஷத்தில் காலை நிறுத்தினேன். சக்கரம் என் முழங்காலைத் தூக்கி அடித்தது. நிலைமத் திருப்புத்திறன் என்னும் பாடத்தை இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் நடத்தியிருக்கிறேன்; அது எலும்பில் ஏறியது அன்றுதான்.

இந்த வகைச் சைக்கிளின் பிறப்புக்கும் சாலைக்கும் ஓர் உறவு உண்டு. தென்னாப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஜானி கோல்ட்பர்க் என்னும் நெடுந்தூரச் சைக்கிள் வீரர், 1980களில் வீட்டுக்குள்ளேயே பயிற்சி செய்வதற்காகத் தானே அமைத்துக்கொண்ட சைக்கிளிலிருந்துதான் இன்றைய வகுப்புகள் கிளைத்தன. பாட்டும் வண்ண விளக்கும் எடைக்குறைப்பும் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை. ஆகவே சாலைக்காக அந்த அறைக்குப் போவது ஒன்றும் முறைகெட்ட செயல் அல்ல என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

முதல் பலன் மிதிப்பதற்கு முன்பே கிடைத்தது. வகுப்புச் சைக்கிளில் சீட்டின் உயரத்தை ஒவ்வொருவரும் தமக்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். சீட்டில் உட்கார்ந்து, குதிகாலை மிதிக்கட்டையின்மேல் வைத்து, அதைக் கீழ்க்கோடிக்குத் தள்ளும்போது முழங்கால் மடங்காமல் நேராக இருக்க வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது கால் நீளும் கடைசிப் புள்ளியிலும் முழங்காலில் சற்றே மடிப்பு மிஞ்சும், அதுவே சரியான உயரம் என்று மாஸ்டர் காட்டினார். வீட்டுக்கு வந்து என் சைக்கிளில் அதே முறையில் பார்த்தால், சீட் நான்கு சென்டிமீட்டருக்குமேல் தாழ்ந்திருந்தது. காரணம் எளிது. உட்கார்ந்தபடியே இரண்டு கால்களும் தரையில் ஊன்ற வேண்டும் என்று சிறுவயதில் பழக்கிவிட்டார்கள். நான் விழுந்துவிடக் கூடாது என்ற அப்பாவின் கவலையை நாற்பது வயது தாண்டியும் சீட்டுக்கம்பியில் வைத்திருந்தேன். தாழ்ந்த சீட்டில் முழங்கால் எப்போதும் மடங்கியே உழைப்பதால், தொடையின் முன்தசை மட்டும் சீக்கிரம் சோர்ந்து, முட்டியின் முன்புறம் வலிக்கும். அந்த வலியை மூட்டுத் தேய்மானத்தின் தொடக்கம் என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

சீட்டை ஒரே நாளில் உயர்த்தவில்லை. வாரத்துக்கு ஒரு சென்டிமீட்டராக உயர்த்தினேன். உயர்ந்த சீட்டில் உட்கார்ந்தபடி காலை ஊன்ற முடியாது. நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் நழுவி இறங்க வேண்டும். இதை மட்டும் எந்த அறையிலும் பழக முடியாது. ஞாயிறு மாலைகளில் எங்கள் பள்ளி மைதானத்தில், கிரிக்கெட் விளையாடும் பையன்கள் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, நின்று கிளம்பி நின்று கிளம்பிப் பழகினேன்.

அடுத்தது காலின் சுற்று. வகுப்புச் சைக்கிளில் கியர் கிடையாது. ஒரு திருகைத் திருகினால் சக்கரத்தின் இறுக்கம் கூடும், தளர்த்தினால் குறையும். எதிரே இருக்கும் சிறு திரையில், நிமிடத்துக்குக் கால் எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற எண் தெரியும். இதைத்தான் கேடன்ஸ் என்கிறார்கள். என் எண் 58க்கும் 64க்கும் இடையில் ஆடிக்கொண்டிருந்தது. மாஸ்டர் 85க்குக் கேட்டார். இறுக்கத்தைக் குறைத்து 85 சுற்றியபோது, சீட்டில் குதிக்கத் தொடங்கினேன். கால் கீழே போய்ச் சேர்ந்த பிறகும் அதை அழுத்திக்கொண்டே இருப்பவர்களுக்கு இப்படித்தான் உடம்பு துள்ளும் என்றார். மேலிருந்து மிதிப்பதை மட்டுமே மிதிப்பு என்று எண்ணியிருந்த எனக்கு, கால் பின்பக்கமாகத் திரும்பும் நேரத்தில் அழுத்தத்தை விலக்கிக்கொள்வதும் ஒரு வேலை என்று புரிய மூன்று வாரங்கள் பிடித்தன.

வேகமாகச் சுற்றுவதால் என்ன ஆதாயம் என்பதை மேல்நிலை முதலாமாண்டுப் பாடத்தைக்கொண்டே விளக்கிவிடலாம். சுழற்சியில் திறன் என்பது திருப்பு விசையும் கோணத் திசைவேகமும் பெருக்கிய தொகை. 150 வாட் திறனை நிமிடத்துக்கு 60 சுற்றில் தர வேண்டுமானால், 17 சென்டிமீட்டர் நீளமுள்ள மிதிக்கோலின் நுனியில் சராசரியாக 140 நியூட்டன் விசை, அதாவது ஏறத்தாழ 14 கிலோ எடைக்கு இணையான அழுத்தம், இடைவிடாமல் தேவை. அதே திறனை 90 சுற்றில் தந்தால் 94 நியூட்டன், அதாவது ஒன்பதரை கிலோ போதும். ஒரு மூட்டையை ஒரே நடையில் தூக்குவதா, பிரித்து மூன்று நடையாகக் கொண்டுபோவதா என்பதைப் போன்ற வேறுபாடு இது. தசைக்குச் சுமை குறைகிறது. பதிலாக இதயமும் மூச்சும் சற்றுக் கூடுதலாக உழைக்கின்றன. தசை ஒருமுறை செத்துவிட்டால் அன்றைக்கு மீளாது. மூச்சோ இரண்டு நிமிடம் இளைப்பாறினால் திரும்பிவிடும்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு என் சைக்கிளைப் பார்த்தேன். முன்னால் 42, 34, 24 என்று மூன்று பல்சக்கரங்கள். பின்னால் இருப்பவற்றில் மிகப் பெரியது 28 பல். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதாக வைத்துக்கொண்டால், முன்பக்கப் பெரிய பல்லில் கால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 50 முறையும், நடுப்பல்லில் 63 முறையும், சிறிய பல்லில் 90 முறையும் சுற்றும். ஐந்து ஆண்டுகளில் நான் அந்தச் சிறிய பல்லைத் தொட்டதே இல்லை. அதில் போட்டால் கால் வீணாகச் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை என்று ஒரு வெறுப்பு. கியர் இல்லாத லேடீஸ் சைக்கிளில் கற்றவர்களுக்கெல்லாம் இந்த வெறுப்பு உண்டு என்று நினைக்கிறேன். மிதி கனத்தால்தான் மிதித்ததாக மனம் ஒப்புக்கொள்கிறது. இன்று அரசு தரும் விலையில்லாச் சைக்கிளில் வரும் என் மாணவிகளும் மேட்டைக் கண்டதும் எழுந்து நின்றுதான் மிதிக்கிறார்கள். அவர்களுக்கு வேறு கியர் இல்லை, எனக்கு இருந்தது.

சரியான சீட்டும் சரியான கியரும் கிடைத்துவிட்டால் ஏற்றம் கைவசமாகிவிடும் என்று ஆடி மாதம் வரை நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையை உடைத்தது, வகுப்பில் மாஸ்டர் நடத்திய இருபது நிமிடச் சோதனை. இருபது நிமிடமும் ஒரே சீராக, ஆனால் முடிந்தவரை கடினமாக ஓட்ட வேண்டும். நெஞ்சில் துடிப்புமானிப் பட்டையைக் கட்டிக்கொண்டு ஏறினேன். முதல் நான்கு நிமிடத்தில் என் துடிப்பு 176ஐத் தொட்டது. 220இலிருந்து வயதைக் கழித்தால் கிடைக்கும் உச்ச எண்ணும் அதேதான். அந்தச் சூத்திரம் ஆளுக்கு ஆள் பத்துப் பதினைந்து வரை பிசகக்கூடிய தோராயம் என்பதால் நான் உயிரோடு இருந்தேன். ஒன்பதாவது நிமிடத்தில் இறுக்கத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டியதாயிற்று. பக்கத்துச் சைக்கிளில், 61 வயதான மின்வாரியக்காரர், தொடங்கிய அதே சுற்றில் இருபதாவது நிமிடத்தையும் முடித்துவிட்டு இறங்கித் தண்ணீர் குடித்தார்.

ஒகேனக்கல்லின் மூன்றாம் வளைவை அந்த மாடியறையில் நான் அப்படியே கண்டேன். எனக்குக் குறையாக இருந்தது வலிமை மட்டுமே இல்லை. என் வலிமையைக் கேட்டு அளந்து செலவிடும் அறிவு எனக்கு இல்லவே இல்லை. சாலையில் நான் எப்போதும் ஒரே விதமாகத்தான் ஓட்டியிருக்கிறேன்: சமதளத்தில் கொஞ்சம் கடினம், மேட்டின் தொடக்கத்தில் மிகக் கடினம், அதன்பின் வருவது வரட்டும்.

முயற்சியை எண்ணால் சொல்லும் வழக்கம் பழையது. ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் போர்க், உழைக்கிறவர் தாம் உணரும் கடினத்தை 6இலிருந்து 20 வரையிலான எண்களால் குறிக்கும் அளவுகோல் ஒன்றை வகுத்தார். சொல்லும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் இதயத் துடிப்பு தோராயமாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே அந்த விசித்திரமான தொடக்கமும் முடிவும். எங்கள் மாஸ்டர் அதை எளிமையாக்கிப் பத்துக்கு எத்தனை என்று கேட்பார். வகுப்புச் சைக்கிள்களில் வாட் காட்டும் கருவி இல்லாததால், எங்களுக்கு இருந்த வழியும் அதுதான். ஆனால் தன் நிலையைத் தானே மதிப்பிடச் சொன்னால் நான் எப்போதும் ஒன்றிரண்டு குறைத்தே சொன்னேன். ஆசிரியர்களுக்குத் தங்கள் தாளைத் தாங்களே திருத்தும் வழக்கம் இல்லை.

அதனால் எனக்கென்று ஒரு வழியைக் கண்டுபிடித்தேன். பதின்மூன்றாம் வாய்ப்பாட்டை வாய்விட்டுச் சொல்வது. ஒரே மூச்சில் நான்கு வரிகள் வந்தால் முயற்சி பத்துக்கு ஐந்து. இரண்டு வரிகள் என்றால் ஏழு. ஒரே வரியில் மூச்சு முடிந்தால் எட்டு. “ஏழு பதின்மூன்று...” என்று தொடங்கி, தொண்ணூற்றொன்று நினைவுக்கே வராவிட்டால் ஒன்பது. உடம்பு பொய் சொல்லலாம், பெருமை பொய் சொல்லலாம், வாய்ப்பாட்டுக்குப் பொய் தெரியாது. வகுப்பில் குத்துப்பாட்டு அலறும் சத்தத்தில் நான் முணுமுணுப்பதை யாரும் கவனிக்கவில்லை. துடிப்புமானியோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், இரண்டு வரி நிலையில் என் துடிப்பு 155க்கும் 160க்கும் இடையில் நின்றது. அந்த நிலையில் நாற்பது நிமிடம்கூட ஓட்ட முடிகிறது. ஒரு வரி நிலையில் எட்டு நிமிடம்தான். ஒரு வரிக்கும் இரண்டு வரிக்கும் இடையில் இருந்த வேறுபாடு, திருகில் நான்கில் ஒரு பங்குச் சுற்றுகூட இல்லை.

இந்த ஒரு செய்திக்காகவே கட்டிய பணம் தகும் என்பேன். சாலையில் இதைக் கற்க முடியாதா என்று கேட்டால், முடியும். ஆனால் நம் சாலைகள் அனுமதிக்க மாட்டா. ஒரு வேகத்தடை, ஓர் ஆட்டு மந்தை, ஹாரனை அடித்தபடி ஒதுங்கச் சொல்லும் டவுன் பஸ், ஓர் இறக்கம் என்று மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை உழைப்பு அறுபடும். இருபது நிமிடம் ஒரே அழுத்தத்தை விடாமல் தாங்கிப் பார்ப்பதற்கு அறைதான் ஏற்ற இடம்.

செவ்வாய்க்கிழமைகளில் விட்டுவிட்டு ஓட்டும் பயிற்சி. நான்கு நிமிடம் கடினம், மூன்று நிமிடம் இளைப்பாறல், இப்படி நான்கு முறை. நார்வே நாட்டு ஆய்வாளர்கள் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், உச்சத் துடிப்பின் 90 முதல் 95 சதவீதத்தில் இப்படி நான்கு நான்கு நிமிடமாக ஓடியவர்களுக்கு, அதே அளவு வேலையை மிதமாகச் செய்தவர்களைவிட ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத்திறன் கூடுதலாக உயர்ந்தது. அவர்கள் ஓடியவர்கள், நான் மிதிக்கிறேன், ஆனாலும் பயன் தெரிகிறது. சனிக்கிழமைகளில் டபாடா என்ற பெயரில் இருபது விநாடி ஓட்டம், பத்து விநாடி ஓய்வு என்று எட்டு முறை செய்யச் சொல்வார்கள். ஜப்பானிய ஆய்வாளர் இசுமி டபாடாவும் குழுவினரும் 1996இல் வெளியிட்ட ஆய்வும் சைக்கிளில் நடந்ததுதான் என்றாலும், அதில் கேட்கப்பட்ட கடினம் நம் ஜிம் டபாடாவைப் போலப் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டே செய்யக்கூடியது அல்ல. அதை நான் பெயரளவில் செய்துவிட்டு, இருபது நிமிடச் சீரோட்டத்துக்கு வலிமையை மிச்சம் வைத்துக்கொள்வேன். மாஸ்டருக்கு இது தெரியும், கண்டுகொள்ள மாட்டார்.

அறைக்குள் வேர்ப்பது வேறொரு வகை. வெளியே 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நமக்கு நாமே விசிறிக்கொள்கிறோம். உள்ளே காற்று நகர்வதில்லை. தோலைக் குளிர்விக்க இரத்தம் திரும்பிவிடுவதால், அதே உழைப்புக்கு நேரம் ஆக ஆகத் துடிப்பு ஏறிக்கொண்டே போகிறது. ஒருநாள் வகுப்புக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தேன். குடித்த தண்ணீர் போகவும் 800 கிராம் குறைந்திருந்தது. செவிலியர் மாணவிகள் மகிழ்ந்தார்கள். அது கொழுப்பு இல்லை, வேர்வை என்று சொல்லி அந்த மகிழ்ச்சியைக் கெடுத்தவள் நான். அன்று முதல் உப்புப் போட்ட மோர் ஒரு பாட்டில் கொண்டுபோகிறேன்.

இனி, அந்த அறை தராதவை. முதலாவது, காற்று. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்த மாதத்தில் தருமபுரியிலிருந்து மேற்கே பென்னாகரம் நோக்கி ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அது உவமையாகத் தோன்றாது. காற்று அமைதியாக இருக்கும் நாளில்கூட, வேகம் 20இலிருந்து 30 கிலோமீட்டராக உயர்ந்தால், காற்றைக் கிழிப்பதற்கு மட்டும் தேவைப்படும் திறன் மூன்று மடங்குக்கும் மேல் உயர்ந்துவிடுகிறது. குனிந்து, முழங்கையை மடக்கி, எதிர்க்காற்றுக்குத் தன்னைச் சிறிதாக்கிக்கொள்ளும் வித்தையை அறையில் யாரும் கற்பதில்லை. அங்கே எல்லோரும் கண்ணாடிக்கு எதிரே நிமிர்ந்துதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இரண்டாவது, அந்தக் கனத்த சக்கரம் செய்யும் உபகாரம். கால் மேல்கோடியையும் கீழ்க்கோடியையும் கடக்கும்போது தசைக்கு வேலை இல்லாத நொடி ஒன்று உண்டு. அறையில் ஃபிளைவீல் அந்த நொடியைத் தாண்டிக் காலைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. ஏற்றத்தில் அந்த உதவி கிடையாது. நானும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தேன். நூற்றுக்கு ஐந்து சரிவில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது மிதிப்பதை நிறுத்தினால், எட்டு மீட்டருக்குள் வண்டி நின்றுவிடும். நம்மிடம் இருக்கும் இயக்க ஆற்றல் அவ்வளவுதான். அறையில் 85 சுற்று எளிதாக வந்தவர்கள் மேட்டில் 70க்குத் திணறுவது இதனால்தான். நின்று மிதிப்பதும் அப்படியே. ஆணியடித்ததுபோல் நிற்கும் வகுப்புச் சைக்கிளில் கைப்பிடியில் சாய்ந்து நிற்கலாம். சாலையிலோ வண்டி இடமும் வலமுமாக அசையும், அந்த அசைவோடு நாமும் சேர்ந்து ஆட வேண்டும்.

மூன்றாவதை விழுந்து கற்றேன். கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் மழை, பனி, அரையாண்டுத் தேர்வுத்தாள் என்று சாக்குச் சொல்லி ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தை விட்டுவிட்டு, வகுப்புக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தேன். துடிப்பு எண்கள் நன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. நான் ஒரு நல்ல ஓட்டுநராகிக்கொண்டிருப்பதாக நினைத்தேன். தை மாதம் ஒரு ஞாயிறு, பாப்பாரப்பட்டி வழியாகச் சுற்றி வரும்போது, ஒரு திருப்பத்தில் சாலையின் பாதிக்குக் கொள்ளுச் செடியைப் பரப்பியிருந்தார்கள். வண்டிகள் ஏறி இறங்கினால் காய் உடைந்து கொள்ளு தனியே வந்துவிடும். தார்ச்சாலை வந்த நாளிலிருந்து எங்கள் மாவட்டத்தில் அதுவும் ஒரு களம்தான். ஒழுங்காகப் பழகியிருந்தால், தூரத்திலேயே பார்த்து, வேகத்தைக் குறைத்து, நேராக வைத்து ஓட்டிக் கடந்திருப்பேன். இரண்டு மாதமாக ஹேண்டில்பாரைத் திருப்பாத கையும், எதிரே உள்ள எண்ணை மட்டுமே பார்த்துப் பழகிய கண்ணும் கொண்ட நான், திருப்பத்தின் நடுவில் முன்பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். முன்சக்கரம் கொள்ளின்மேல் வழுக்கியது. முழங்கையிலும் இடுப்பிலும் சிராய்ப்பு. செடியைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்த பாட்டி ஓடி வந்து தூக்கி, “பாத்து வரக் கூடாதா கண்ணு, இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?” என்று கேட்டுக்கொண்டே சிதறிய கொள்ளைக் கூட்டிச் சேர்த்தார். கூட்டுவதற்கு நானும் உதவினேன்.

அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு வகுப்பு, ஞாயிறு தவறாமல் சாலை என்று மாற்றிக்கொண்டேன். சாலையில் போகும் நாளில் பயிற்சி எண்களைப் பற்றி நினைப்பதில்லை. பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே நேர்க்கோட்டில் போவது, ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே கியரை இறக்குவது, பள்ளத்தைக் கண்டதும் பிரேக்கைத் தளர்த்திக் கடப்பது ஆகியவற்றைத்தான் பழகுகிறேன். தேசிய நெடுஞ்சாலை 44 பக்கமோ, லாரிகள் கட்டுப்பாடிழந்து இறங்கும் தொப்பூர்க் கணவாய்ப் பக்கமோ சைக்கிளைத் திருப்புவதில்லை. எவ்வளவு பயிற்சி இருந்தாலும் அதற்கு விடை கிடையாது.

மாசி மாதக் கடைசி ஞாயிறு மீண்டும் ஒகேனக்கல் போனேன். யானை நடமாட்டம் உள்ள காடு என்பதால் நன்றாக விடிந்த பிறகே பென்னாகரத்தைத் தாண்டினேன். ஆற்றங்கரையில் இட்லிக்கு ஆசைப்பட்டு நேரத்தைக் கழிக்காமல், கொண்டுபோன வாழைப்பழம் இரண்டும் கடலை உருண்டையும் சாப்பிட்டுவிட்டு, எட்டேகால் மணிக்கே ஏறத் தொடங்கினேன். முதல் மேட்டிலேயே முன்பக்கச் சிறிய பல்லுக்கு இறக்கி, சீட்டில் உட்கார்ந்தபடி, வாய்ப்பாட்டைத் தொடங்கினேன். ஓர் பதின்மூன்று பதின்மூன்று, ஈர் பதின்மூன்று இருபத்தாறு, மூச்சு. இரண்டு வரி. சென்ற ஆண்டு எழுந்து நின்று கடந்த முதல் வளைவை, நடந்துபோகிற ஒருவர் பேச்சுக் கொடுக்கக்கூடிய வேகத்தில் கடந்தேன். இது எனக்கு எளிதாக இருக்கவில்லை. கால்களில் வலு இருக்கும்போது மெதுவாகப் போவது அவமானம்போல் இருந்தது. பெங்களூர்ப் பக்கத்திலிருந்து வந்த நான்கைந்து இளைஞர்கள் மெல்லிய டயர் சைக்கிள்களில் என்னைத் தாண்டிப் போனபோது, திருகைக் கொஞ்சம் இறுக்கலாமே என்று, அங்கே இல்லாத திருகைக் கை தேடியது. வாய்ப்பாடு ஒரு வரிக்குச் சுருங்கியதும் அந்த ஆசையை விட்டுவிட்டேன்.

மூன்றாம் வளைவில் சென்ற ஆண்டு நான் இறங்கிய இடத்தை அடையாளம் கண்டுகொண்டேன். எட்டுப் பதின்மூன்று நூற்றுநான்கு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சுவரின்மேல் குரங்குகள் இருந்தன. வாழைப்பழத்தோல் இருந்த பையை நான் கைப்பிடியிலிருந்து எடுத்து மேலாடைக்குள் திணித்திருந்ததால் ஆர்வம் காட்டவில்லை. கேரளப் பதிவெண் கொண்ட காரில் வந்த குடும்பம் ஒன்று வேகத்தைக் குறைத்து, தனக்குத்தானே உரக்க எண் சொல்லிக்கொண்டு போகும் நடுவயதுப் பெண்மணியைச் சற்று நேரம் பார்த்துவிட்டுப் போயிற்று.

ஓர் இடத்திலும் காலை ஊன்றாமல் பென்னாகரம் வந்து சேர்ந்தபோது 1 மணி 22 நிமிடம் ஆகியிருந்தது. வெயில் ஏறுவதற்கு முன்பே கிளம்பியதையும், வழியில் தள்ளாமல் வந்ததையும் கழித்துப் பார்த்தால், மிச்சப்பட்ட 33 நிமிடத்தில் வகுப்பின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். வியாழக்கிழமை மாஸ்டரிடம் சொன்னபோது, அவர் நேரத்தைக் கேட்கவில்லை. கடைசிக் கிலோமீட்டரில் எத்தனை வரி என்று கேட்டார். இரண்டு என்றேன். மின்வாரியக்காரர் அடுத்த முறை தானும் வருவதாகச் சொல்லி, சீட் உயரத்தைச் சரிபார்க்க வீட்டில் கிடக்கும் பழைய ஹெர்குலிஸை மாடிக்கு எப்படித் தூக்கி வருவது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.